எம்டனுக்கு ஓட்டை போட எந்த ட்ரில்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1/350 அளவில் எம்டன் என்ற பழைய ஜெர்மன் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாராம். பக்கவாட்டில் வரும் வட்டச் சன்னல்களை வெறும் கறுப்புப் புள்ளியாக விடாமல் நிஜமாகவே திறந்துவிட ஆசை. ஆன்லைனில் வாங்கிய ரோட்டரி டூலில் (கையில் பிடித்து அரைக்கவும் அறுக்கவும் உதவும் வேகச் சுழல் கருவி) 1 மி.மீ. பிட்டை மாட்டி, வேகத் திருகை ஒன்றாம் நம்பரில் வைத்து அழுத்தியிருக்கிறார். முதல் சன்னலே உருகிப் பெரிதாகி, ஓரமெல்லாம் தடித்து, பிட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டதாம். "மூவாயிரம் ரூபாய்க்குள், மெதுவாகச் சுற்றும் நல்ல ட்ரில் எது? கடையில் 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில்லைக் காட்டுகிறார்கள், அது சரிவருமா?" இதுதான் கேள்வி.

எம்டனை வடசென்னையில் உட்கார்ந்து கட்டுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது தம்பி. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்தக் கப்பல் சுட்டதில் எரிந்த எண்ணெய்த் தொட்டிகள் நம் துறைமுகத்தில்தான் இருந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்துக்கு ஒரு கல்வெட்டு இன்னும் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் வாயில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்போதிலிருந்துதான். அதனால் இந்தக் கப்பலுக்கு ஓட்டை போடும் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். கார்ட்லெஸ் ட்ரில் இந்த வேலைக்கு வேண்டாம். மெல்லிய பிட்டை நுனியில் மாட்டிக் கையால் திருகும் பின் வைஸ் ஒன்று வாங்குங்கள், 1 மி.மீ.க்குக் கீழே உள்ள எல்லாத் துளைக்கும் அதுதான் கருவி. அதற்குப் பிறகும் மோட்டார் வேண்டும் என்று தோன்றினால், கியர் வைத்து 300 முதல் 600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஓடுகிற சின்ன மோட்டாரும், பிட்டை ஆட்டம் இல்லாமல் பிடிக்கும் சின்ன சக்கும் போதும். இரண்டும் சேர்ந்தே உங்கள் மூவாயிரத்தில் பாதியைத் தாண்டாது. ஏன் என்பதுதான் மீதிக் கதை.

உங்கள் பிளாஸ்டிக் ஏன் உருகியது என்பதைக் கணக்காகவே பார்ப்போம். நான் டூல் ரூமில் வேலை பார்த்தவன், கணக்கு இல்லாமல் ஒரு பிட்டைக் கையில் எடுத்தால் மேஸ்திரி முறைப்பார். ஹல்லின், அதாவது கப்பல் உடலின், சுவர் 1.2 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. பிட் ஒரு சுற்றுக்கு 0.03 மி.மீ. இறங்கினால் பிளாஸ்டிக்கை அழகாகச் சீவி வெளியே தள்ளும். அப்படியானால் துளை விழ 40 சுற்று வேண்டும். 300 ஆர்பிஎம்மில் 40 சுற்று என்பது 8 விநாடி. கை நிதானமாக அழுத்திக்கொண்டே போக வசதியான நேரம். உங்கள் டூல் 10,000 ஆர்பிஎம்மில் ஓடியது என்று வைத்துக்கொண்டால், அதே 40 சுற்று கால் விநாடியில் முடிந்துவிடும். கால் விநாடியில் 1.2 மி.மீ. ஒரே சீராக இறக்க எந்தக் கையாலும் முடியாது. நீங்கள் மூன்று விநாடி எடுத்துக்கொண்டிருந்தால் பிட் அங்கே 500 சுற்று சுற்றியிருக்கும். நாற்பதில் முடிய வேண்டிய வேலைக்கு ஐந்நூறு. மீதி நானூற்றுச் சொச்சம் சுற்றும் வெட்டவே இல்லை, தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கிட்டில் வருவது பாலிஸ்டைரீன். 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும்; இட்லிப் பானை ஆவியின் சூடுதான் அது, பெரிய சூடே இல்லை. அதோடு, எஃகு சூட்டைக் கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் பிளாஸ்டிக் கடத்தாது. இரும்பில் ஓட்டை போட்டால் சூடு தகடு முழுக்கப் பரவிப் போய்விடும். இங்கே போக இடமில்லாமல் துளையின் ஓரத்திலும் பிட்டிலுமே தங்கிவிடும். பிட் சூடானதும் அடுத்த துளை இன்னும் சீக்கிரம் உருகும். உங்களுக்கு முதல் துளையே உருகியதென்றால் அழுத்தவும் தயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயந்து பயந்து மெல்லத் தொட்டால் தேய்ப்பு இன்னும் அதிகம்.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். மெதுவாக ஓடும் ட்ரில்லில்கூட, அழுத்தாமல் ஒரே இடத்தில் சுற்ற விட்டால் சூடேறத்தான் செய்யும். வேகம் பாதிதான், பிட் ஓயாமல் இறங்கிக்கொண்டிருப்பது மீதிப் பாதி. மெதுவான ட்ரில் நல்லது என்று சொல்வதற்குக் காரணமே, நம் கை இறக்கும் வேகத்துக்கு அது ஒத்துப்போகிறது என்பதுதான்.

"எலெக்ட்ரானிக் சர்க்யூட் பதிக்கும் பிசிபி போர்டில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றில் துளை போடுகிறார்களே" என்று யாராவது வருவார்கள். போடுகிறார்கள். அங்கே பிட்டை இறக்குவது கையல்ல, மெஷின். அந்த வேகத்துக்கு ஈடாக அதுவும் இறக்கும். அதோடு அந்தப் போர்டு கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும். சூடு பட்டால் கருகுமே தவிர நம் பாலிஸ்டைரீன் மாதிரி இளகி ஓடாது.

இனி கருவிகளுக்கு வருவோம். கடையில் "லோ ஸ்பீடு இருக்கு சார்" என்று ரோட்டரி டூலின் திருகைக் காட்டுவார்கள். அந்த ஒன்றாம் நம்பர் எவ்வளவு என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ட்ரெமெல் 4000 மாடல் தொடங்குவதே 5,000 ஆர்பிஎம்மில், முடிவது 35,000. புராக்ஸான் மைக்ரோமோட் 50/ஈ 5,000 முதல் 20,000. இரண்டும் நல்ல கருவிகள்தான், குறை சொல்ல மாட்டேன். அரைக்க, பாலிஷ் போட, பித்தளையை அறுக்க என்று பிறந்தவை அவை. அவற்றின் மெதுவே நமக்குப் பத்துப் பதினைந்து மடங்கு வேகம்.

வோல்டேஜைக் குறைத்து இன்னும் மெதுவாக்கலாமே என்று பலர் செய்து பார்ப்பார்கள், நானும் செய்தேன். 12 வோல்ட் டூலுக்கு 3 வோல்ட் கொடுத்தால் மெதுவாகச் சுற்றும், பிளாஸ்டிக்கைத் தொட்டதும் நின்றுவிடும். பைக்கை நாலாவது கியரில் போட்டு பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரைக் குறைத்துக்கொண்டே ஏறிப் பாருங்கள், பாதியில் திணறி நிற்கும். முதல் கியரில் போட்டால் அதே எஞ்சின் மெதுவாகவும் ஏறும், முக்காமலும் ஏறும். ட்ரில்லிலும் அதே கதைதான். உள்ளே மோட்டார் அதன் இஷ்டத்துக்கு வேகமாக ஓட வேண்டும், கியர் அதை மெதுவாக்கி முறுக்காக மாற்றித் தர வேண்டும். அதனால் வாங்கும்போது ஆர்பிஎம் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். "கியர் இருக்கா, திருகால்தான் ஸ்பீடு குறையுதா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

அப்படியானால் கியர் வைத்த கார்ட்லெஸ் ட்ரில் சரிதானே என்று கேட்பீர்கள். வேகம் சரிதான். சாதாரணமாக 12 வோல்ட் ட்ரில்லில் இரண்டு கியர் இருக்கும், முதல் கியர் 0 முதல் 400 வரை போகும். ட்ரிக்கரை மெல்ல அழுத்தினால் நமக்கு வேண்டிய வேகம் கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில். கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையைக் கையில் தூக்கிக்கொண்டு 0.8 மி.மீ. பிட்டை நேராகப் பிடிக்க வேண்டும். 10 மி.மீ. சக்கில் பல, 1 மி.மீ.க்குக் கீழே பிட்டை இறுக்கவே இறுக்காது. இறுக்கினாலும் நடுவில் பிடிக்காது. முறுக்கோ அளவுக்கு மீறியது. மெல்லிய பிட் மாட்டிக்கொண்டால் உங்கள் கைக்குச் சேதி வருவதற்குள் ஒடிந்துவிடும். 34 செ.மீ. நீளமுள்ள ஒரு கப்பலை ஒரு கையிலும் அந்த யந்திரத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால், கப்பலை நிறுத்தும் மரப் பலகைக்கு ஸ்க்ரூ ஓட்டை போட வைத்துக்கொள்ளுங்கள். கரண்டில் ஓடும் சுவர் ட்ரில்லைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

3.6 வோல்ட் பேட்டரி ஸ்க்ரூட்ரைவர் நல்ல யோசனை. பெரும்பாலும் 200 முதல் 360 ஆர்பிஎம், கியர் உண்டு, கையில் லேசாக இருக்கும். ஆனால் அதன் முனை அறுகோணக் குழி; பிட் அதில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் லொடலொடவென்று ஆடும். ஸ்க்ரூவுக்கு அந்த ஆட்டம் தேவை, துளைக்கு ஆகாது. அறுகோணத் தண்டு வைத்த சின்ன சக்கை மாட்டி 1.5 மி.மீ.க்கு மேல் உள்ள துளைகளுக்குப் பயன்படுத்தலாம். காந்தம் பதிக்க 3 மி.மீ. துளை போட நான் அதைத்தான் எடுக்கிறேன். ஒரு எச்சரிக்கை: சில மாடல்கள் முனையை அழுத்தினால்தான் சுற்ற ஆரம்பிக்கும். மெல்லிய டெக்கில் அப்படி அழுத்தினால், அது சுற்றுவதற்கு முன்னால் டெக் உள்ளே போய்விடும். பட்டனை அழுத்தினால் சுற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

சவுகார்பேட்டையில் நகை வேலை செய்கிறவர்களின் பட்டறையில் கொக்கியில் மோட்டார் தொங்கும், காலால் பெடலை மிதிப்பார்கள், கையில் பேனா மாதிரி ஒரு பிடி இருக்கும். அந்தப் பிடியின் துல்லியத்தைப் பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது, பழையது ஒன்றை வாங்கிவிட்டேன். ஆனால் அதுவும் வேக யந்திரம்தான். பெடலை மிக மெதுவாக மிதித்து ஓட்டக் காலுக்குப் பழக்கம் வேண்டும். தங்கத்தில் ஓட்டை போடும் ஆசாரிக்குக் கால் கொஞ்சம் கூடுதலாக அழுந்தினாலும் தங்கம் இளகாது. நமக்கு ஒரு மிதி கூடினால் சன்னல் போச்சு. பல் செட் செய்கிற லேப்களிலும், நகப் பாலிஷ் கடைகளிலும் வைத்திருக்கும் மைக்ரோமோட்டர் கொஞ்சம் தேவலை, திருகைத் திருப்பினால் மிகக் கீழே வரை வரும். ஆனால் அதன் பிடியில் நுழைவது 2.35 மி.மீ. தண்டு மட்டும். அந்தத் தண்டில் வரும் சின்ன ட்ரில் பிட்டைத் தேடி நீங்கள் அலைய வேண்டும்.

ஆக, முதலில் பின் வைஸ்.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடும், "மோட்டார் கேட்டால் கையால் திருகச் சொல்கிறாரே" என்று. கணக்கைப் பாருங்கள். 0.8 மி.மீ. சன்னல் ஒன்றைக் கையால் திருகித் திறக்க அரை நிமிடம் ஆகும். ஐம்பது சன்னல் இருந்தாலும் அரை மணி நேரம். உருகிப்போன ஒரு சன்னலைப் புட்டி வைத்து அடைத்து, காய விட்டு, தேய்த்து, மறுபடி துளைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். விரல் நுனிக்கு வரும் சேதிதான் இதில் பெரிய லாபம். பிட் பிளாஸ்டிக்கைக் கடிக்கிறதா, வழுக்குகிறதா, மறுபக்கம் வரப்போகிறதா என்று விரலே சொல்லிவிடும். பழைய தச்சர்கள் கயிற்றைச் சுற்றி வில்லால் இழுத்து ஓட்டிய தமரூசியும் இப்படி மெதுவாகச் சுற்றியதுதான். தேக்கில் அவர்கள் போட்ட ஓட்டை எத்தனையோ வருஷமாக வாசக்காலில் நிற்கிறது.

பின் வைஸ் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். மேல் தலை தனியாகச் சுழல வேண்டும், உள்ளங்கையை அதில் வைத்து விரலால் உடலைத் திருக வசதியாக இருக்கும். வாய்க்குள் இருக்கும் பிளவுபட்ட காலெட் முழுசாக மூட வேண்டும். நூல் மாதிரி ஒரு 0.3 பிட்டை வைத்து இறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உடல் ரொம்பக் குட்டையாக இருக்கக் கூடாது. தமியாவின் ஃபைன் பின் வைஸ் டி 0.1 முதல் 3.2 மி.மீ. வரை பிடிக்கும், வாழ்நாளுக்கு வரும். அதே கம்பெனி எலெக்ட்ரிக் ஹேண்டி ட்ரில் என்று நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாக ஒன்று விற்கிறது. இரண்டு பென்டார்ச் பேட்டரியில் கியர் வைத்து மெதுவாகச் சுற்றும். கிட் கட்டுகிறவர்களுக்காகவே செய்தது, நியாயமான விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, நாமே செய்துகொள்ளலாம்.

எப்போது மோட்டார் வேண்டும் என்றால், ஒரே அளவில் நூற்றுக்கணக்கான துளை வரும்போது. நான் காசிமேட்டு விசைப்படகு ஒன்றைப் பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்தே வெட்டிக் கட்டினேன். கைப்பிடிக் கம்பி, வலை இழுக்கும் வின்ச், அதன் போல்ட் என்று துளைகளுக்குக் கணக்கே இல்லை. மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அப்போதுதான் மோட்டார் செய்தேன்.

ரிச்சி தெருவில் 25 மி.மீ. குறுக்களவுள்ள 12 வோல்ட் கியர் மோட்டார் கிடைக்கும், 25ஜிஏ-370 என்று கேளுங்கள். பல வேகங்களில் வரும். 300க்கும் 600க்கும் நடுவில் ஒன்றை எடுங்கள். இதைவிடச் சின்னதாக என்20 என்று ஒன்று உண்டு. கையில் பேனா மாதிரி இருக்கும் என்று அதைத்தான் எல்லோரும் முதலில் வாங்குவார்கள், நானும் வாங்கினேன். அதன் தண்டு 3 மி.மீ. அதில் மாட்டும் ஜேடி0 என்ற குட்டிச் சக்கைத் தண்டோடு இணைக்கும் பித்தளைப் புஷ் 3.17 மி.மீ. துளையோடு வரும். இந்த 0.17 மி.மீ. இடைவெளியில் சக் குடிகாரன் மாதிரி ஆடும். 25 மி.மீ. மோட்டாரின் தண்டு 4 மி.மீ.; அதற்கு 4.05 புஷ் கச்சிதமாக உட்காரும். மீதி ஆட்டம் இருந்தால் பழைய டூல் ரூம் வித்தை ஒன்று: சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் புஷ்ஷைத் தள்ளுங்கள். புஷ்ஷின் குட்டி ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்கினால் அது புஷ்ஷை ஒரு பக்கம் தள்ளிவிடும். கொஞ்சம் இறுக்கி, சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் இறுக்குங்கள்.

சுவிட்ச், அழுத்தினால் ஓடி விட்டால் நிற்கும் பட்டன் வகையாக இருக்கட்டும். ஆன் ஆஃப் சுவிட்ச் வைத்தால், பிட் மாட்டிக்கொண்ட நொடியில் அந்தச் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கும். 12 வோல்ட் அடாப்டர் போதும். வேகம் இன்னும் குறைக்க வேண்டும் என்றால் வோல்டேஜ் குறைக்கும் போர்டு வேண்டாம், பிடபிள்யூஎம் போர்டு வாங்குங்கள். அது கரண்டை விட்டு விட்டுக் கொடுப்பதால் மெதுவாக ஓடும்போதும் உந்துதல் இருக்கும். பிடிக்குப் பழைய சைக்கிள் ட்யூபை மோட்டார் மேல் இழுத்து மாட்டினேன், வியர்வையிலும் வழுக்குவதில்லை. எல்லாம் ஆயிரத்துக்குள் அடங்கும். உங்களுக்குத் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வேலை ஒரே கோட்டில் முடிந்துவிடும். மண்ணடியில் இறங்கி லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் பிட்டும் பின் வைஸும், மறுபடி ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெருவில் மோட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மோட்டார் கொஞ்சம் பலம் குறைந்ததுதான். பிட் மாட்டினால் நின்றுவிடும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். மோட்டார் நின்றால் பிட் பிழைக்கிறது. ஆனால் கியர்ப்பெட்டித் தண்டில் எப்போதும் ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். அதனால்தான் 0.8க்குக் கீழே எதையும் நான் இதில் மாட்டுவதில்லை. பெட்டியில் "0.3 முதல் 4 மி.மீ." என்று போட்டிருப்பார்கள், போட்டிருக்கட்டும்.

ஆட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். பையில் ஒரு புதுத் தையல் ஊசி கொண்டு போங்கள். சக்கில் மாட்டி, வெள்ளைத் தாளின் மேல் பிடித்து மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஊசி முனை ஒரே புள்ளியாகத் தெரிந்தால் வாங்குங்கள். முனை ஒரு வட்டம் போட்டால், கழற்றி மூன்றில் ஒரு பங்கு திருப்பி மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் போட்டால் சக் கோணல். 1 மி.மீ. பிட் கால் மி.மீ. ஆட்டத்தோடு சுற்றினால் துளை 1 மி.மீ.யாக இருக்காது, பிட்டும் நீடிக்காது. டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் வேலையை ஊசி செய்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பிட்டில் ஒரு குழப்பம் உண்டு. ஆன்லைனில் பத்துப் பிட் சேர்த்து, கலர் வளையம் போட்டு, தடித்த 3.175 மி.மீ. தண்டோடு மலிவாக வருவது கார்பைட். பிசிபி மெஷினுக்கானது. கண்ணாடி மாதிரிக் கூர்மை, கண்ணாடி மாதிரியே ஒடியும். கையால் திருகும்போது ஒரு நூலளவு சாய்ந்தாலும் போச்சு. ஒடிந்த துண்டு கண்ணுக்கு நேராக வரும். கண்ணாடி போடாதவராக இருந்தால் ஒரு சாதாக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட். அது வளையும், மன்னிக்கும். 0.5, 0.8, 1, 1.5, 2 என்று வாங்குங்கள். 0.5 மட்டும் அரை டஜன் வாங்குங்கள், ஒடியும்.

2 மி.மீ.க்கு மேல் போகும்போது புதுப் பிட்டின் கூர்மையே எதிரி. என் முதல் கப்பலில் தாங்கும் கம்பிக்காக அடிப்பக்கம் 3 மி.மீ. துளை போட்டேன். பிட் புத்தம் புதுசு. மறுபக்கம் வரும் நேரத்தில் ஸ்க்ரூ மாதிரி பிளாஸ்டிக்கைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஹல் நடுவாக்கில் விரிசல். இரும்புக்காகத் தீட்டிய பிட் பிளாஸ்டிக்கில் அப்படித்தான் செய்யும். இப்போதெல்லாம் பெரிய பிட்டின் வெட்டு விளிம்பை மெல்லிய சாணைக்கல்லால் இரண்டு தடவை நேராக உரசி, அந்தக் கொக்கி மாதிரிக் கூர்மையைக் கொன்றுவிட்டுத்தான் பிளாஸ்டிக்குக்கு எடுக்கிறேன். அது வெட்டும், ஆனால் இழுக்காது. இன்னும் பத்திரமான வழி, 2.5 வரை பிட்டால் போட்டுவிட்டு, மீதியைக் கூம்பு ரீமராலோ உருண்டை அரத்தாலோ கையால் பெரிசாக்குவது. துளைக்குப் பின்னால் ஒரு மரத் துண்டோ கிட் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்தின் துண்டோ முட்டுக்கொடுங்கள்.

உங்கள் எம்டனுக்கு நான் செய்வதென்றால் இப்படிச் செய்வேன். நிஜத்தில் சன்னல் 30 செ.மீ. அகலம் என்று கொண்டால், 350ல் வகுக்க 0.86 மி.மீ. வருகிறது. நீங்கள் மாட்டிய 1 மி.மீ. பிட்டே கொஞ்சம் பெரிசு, 0.8 எடுங்கள். ஹல்லின் நீளத்துக்கு ஒட்டுப் பட்டையை நேராக ஒட்டி, அதன் விளிம்பை ஓரமாக வைத்து ஒவ்வொரு சன்னலின் நடுவிலும் ஊசியால் அழுத்திக் குழி போடுங்கள். குத்தினால் பிளாஸ்டிக் ஓரம் உயரும். அழுத்திச் சுழற்றினால் உயராது. இந்தக் குழி இல்லாமல் எந்த ட்ரில்லும் வழுக்கும், வழுக்கிய சன்னல் வரிசையில் பல்வரிசை மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு 0.5ஐப் பின் வைஸில் மாட்டிப் பாதி ஆழம், அதன் பின் 0.8. ஐந்தாறு சுற்றுக்கு ஒரு தடவை, சுற்றிக்கொண்டே பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் துடையுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி எடுத்தால் சீவல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். பிட் நுனியைச் சோப்புக் கட்டியில் ஒரு தொடு தொட்டுக்கொண்டால் வழுக்கலாக இறங்கும். பெயின்டுக்கு முன்னால் கழுவிவிட வேண்டும். 3டி பிரின்டரில் எடுத்த ரெசின் பாகம் ஏதாவது சேர்த்திருந்தால் அதைத் துளைக்கும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

பீரங்கிகள் பத்து, ஒவ்வொன்றும் 10.5 செ.மீ. வாய். 350ல் வகுத்தால் சரியாக 0.3 மி.மீ. அதைத் துளைக்கிறேன் என்று இறங்காதீர்கள். குழாயே முக்கால் மி.மீ. தடிமன் இருந்தால் பெரிசு, நடு தவறினால் பிளந்துவிடும். ஊசி முனையால் நடுவில் ஒரு குழி, அதில் ஒரு சொட்டுக் கறுப்பு. ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது குழலாகத்தான் தெரியும்.

நம் பக்கத்து உப்புக்காற்றில் 0.5 பிட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. துருப்பிடித்த பிட் முதல் திருகிலேயே ஒடியும். மாத்திரை டப்பாவில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டும், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலமும் போட்டு, பிட்டுகளை அதில் வையுங்கள். எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

ஏற்கெனவே வாங்கிய ரோட்டரி டூலை விற்றுவிடாதீர்கள். அடுத்த கட்டமாகக் கைப்பிடிக் கம்பிக்குப் பித்தளைத் தகடு வாங்குவீர்கள். அதன் ஓரத்தைத் தேய்க்கவும், பாய்மரத்துக்கு வைக்கும் பித்தளைக் கம்பியை அளவாக அறுக்கவும் அதுதான் வேண்டும். உருகிய அந்த முதல் சன்னலை இப்போதே தோண்ட வேண்டாம். ஓரத்தில் தடித்திருப்பதை அரத்தால் மட்டப்படுத்தி, கிட் சட்டத்தைத் தீயில் காட்டி இழுத்த பிளாஸ்டிக் கம்பியைத் துளையில் செருகி, திரவப் பசை விட்டு, இரண்டு நாள் கழித்து வெட்டித் தேயுங்கள். புட்டியைவிட அதுவே பிளாஸ்டிக்கோடு ஒன்றாகும், மறுபடி துளைத்தாலும் உதிராது.

பின் வைஸ் வந்ததும் ஹல்லில் கை வைக்காமல், முதலில் கிட் சட்டத்தில் இருபது துளை போட்டுப் பழகுங்கள். பதினைந்தாவது துளையில் கைக்குப் பிடிபட்டுவிடும்.